நேட்டா, ஹன்டரா, மாருத்தா: தக்கலைத் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தக்கலையில் இருந்து ஒரு கல்லூரித் தம்பி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். நேட், ஹன்டர், மாருத் ஆகிய நம் பழைய போர் விமானங்களில் எது கெட்டி, இதை வைத்து நண்பர்களுக்குள் தினமும் தகராறு என்பது முதல் கேள்வி. இவற்றை நேரில் பார்க்க இங்கிருந்து எங்கே போகலாம் என்பது இரண்டாவது. ஓய்வு பெற்ற விமானம் ஒன்றைக் கேட்டு வாங்கி கன்னியாகுமரி கடற்கரையில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால் ஹன்டர். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போனால் உங்கள் தகராறு தீராது, ஏனென்றால் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எந்த வேலைக்கு, எந்த உயரத்தில், தரையில் யார் கையில் இருக்கும்போது என்று கேட்காமல் எது கெட்டி என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். வடசேரியில் நாங்கள் சாயங்காலம் கூடும் டீக்கடையிலும் இதே கூத்துதான். எங்கள் கூட்டத்தில் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு, அவருக்குப் பெயரே ஹன்டர் அண்ணாச்சி. எதிர்க்கட்சி ஒரு இயற்பியல் வாத்தியார், நேட் பக்தர். நேட் என்றால் ஆங்கிலத்தில் கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி, அதனால் அவர் வாயைத் திறந்ததுமே அண்ணாச்சி, "வந்துட்டாருவே கொசுவுக்கு வக்காலத்து வாங்க" என்பார். வாத்தியாரும் விடமாட்டார், "ஒங்க ஹன்டர் ஒண்ணு நிக்கிற எடத்துல எங்க கொசு ரெண்டு நிக்கும் அண்ணாச்சி" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் டீ ஆறிப்போகும்.

அளவுக் கணக்கில் வாத்தியார் சொல்வது சரி. ஹன்டர் 14 மீட்டர் நீளம், இறக்கை முனைக்கு முனை 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேட் 8.7 மீட்டர் நீளம், இறக்கை 6.7 மீட்டர், காலி எடை 2,200 கிலோ சுற்று. வால் உச்சியே எட்டடிதான். பக்கத்தில் நின்று பார்த்தால், யாரோ உண்மையான விமானத்துக்கு முன்னால் சின்னதாக மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு ஸ்டூல் போட்டு ஏறினால் காக்பிட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சும் வாய் இருக்கிறதே, அந்த வாயின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. ஏடன் பீரங்கி. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. நிமிடத்துக்கு 1,200 குண்டு சுடும் பீரங்கி என்பதால் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ஆறு விநாடிக்குள் எல்லாம் காலி. அதற்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்பு, அவ்வளவுதான்.

இதை வடிவமைத்த டெடி பெட்டர் கொஞ்சம் விசித்திரமான மனிதர். இரண்டாம் உலகப்போரில் வயல் நடுவில்கூட இறங்கி ஏறிய லைசாண்டர் அவர் வரைந்தது, பின்னால் நம் விமானப்படை 2007 வரை ஓட்டிய கான்பெராவும் அவர் தொடங்கிய வேலைதான். 1950களில் போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் எடை கூடி, விலை கூடி, பராமரிக்க ஆள் கூடிப் போவதைப் பார்த்து எரிச்சலாகி, சின்னதாக மலிவாக ஒன்று செய்து காட்டுகிறேன் என்று ஃபாலண்ட் கம்பெனியில் உட்கார்ந்து செய்ததுதான் நேட். 1955-ல் முதலில் பறந்தது. எடையைக் குறைக்க மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. தனியாக ஏர்பிரேக் கிடையாது, பறக்கும்போதே சக்கரங்களைக் கொஞ்சம் இறக்கினால் அவற்றின் கதவுகள் காற்றை மறித்து வேகத்தைக் குறைக்கும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இப்படி ஒரு பொருளை இரண்டு வேலைக்கு வைப்பதற்கு மண்டை வேண்டும். பிற்காலத்தில் அவர் விமானத் தொழிலையே விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிரிட்டிஷ் விமானப்படை நேட்டைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு இருக்கை வைத்துப் பயிற்சி விமானமாக மட்டும் வாங்கினார்கள், ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை அதைத்தான் ஓட்டியது. ஃபின்லாந்து 13 வாங்கியது, யூகோஸ்லாவியா இரண்டை வாங்கிப் பரிசோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. நம்பி இறங்கியது நாம்தான். 1956-ல் ஒப்பந்தம் போட்டு, பெங்களூருவில் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல்.லில் உரிமம் பெற்றுக் கட்டி, மொத்தம் 200-க்கு மேல் பறக்கவிட்டோம். முதலில் நேட்டுக்கு மாறிய அணி 23-ம் ஸ்குவாட்ரன், 1960-ல். அதே அணிதான் 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் சோவியத் போர் விமானமான கடைசி மிக்-21க்கும் விடைகொடுத்தது.

சரி, சண்டைக்கு வருவோம். 1965-ல் பாகிஸ்தானிடம் இருந்த சேபர் அமெரிக்க விமானம், கொரியப் போரில் பெயர் வாங்கியது, ஆறு இயந்திரத் துப்பாக்கி, போதாததற்குச் சில சேபர்களில் சைட்வைண்டர் ஏவுகணையும் உண்டு. நேட்டில் ஏவுகணை கிடையாது. காகிதத்தில் பார்த்தால் சேபர்தான் மேல். ஆனால் வானத்தில் நேட் கண்ணில் படாது, படும்போது நேரமாகியிருக்கும். மேலே ஏறுவதில் சேபரை விட வேகம். தாழ்வான உயரத்தில் மெதுவாக வட்டம் போட்டுச் சண்டை பிடித்தால் சேபர் இறுக்கித் திரும்பி நேட்டைப் பிடித்துவிடும், அதனால் நம் விமானிகள் வட்டம் போடாமல் மேலும் கீழுமாகச் சண்டையை இழுத்தார்கள். செப்டம்பர் 3-ந் தேதி ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டு வீர் சக்ரா பெற்றார். அந்த சேபர் அடிபட்டாலும் திரும்பி வந்து இறங்கிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு வாதம். செப்டம்பர் 19-ந் தேதி சண்டைக்காக அவருடைய அண்ணன் டென்சில் கீலரும் வீர் சக்ரா வாங்கினார்.

வாத்தியார் கீலர் சகோதரர்கள் கதையை எடுத்ததும் அண்ணாச்சி அடுத்த கதையை எடுப்பார். "அதே செப்டம்பர் மூணாம் தேதி பஸ்ரூர்ல எறங்கினது யாரு பெத்த பிள்ள சாரே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அன்றைக்கே ஸ்குவாட்ரன் லீடர் சிகந்த் ஓட்டிய நேட், பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கியது. குழுவை விட்டுப் பிரிந்து எரிபொருள் தீர்ந்த நிலையில் நம் ஓடுதளம் என்று நினைத்து இறங்கினார் என்பது நம் பக்கம். தங்கள் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தைப் பார்த்துச் சரணடைந்தார் என்பது அவர்கள் பக்கம். அந்த விமானம் இன்றும் கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்தில் நிற்கிறது. என் அபிப்பிராயம் என்னவென்றால், இந்தக் கதையும் நேட்டின் குணத்தைத்தான் சொல்கிறது: வயிறு சின்னது, எரிபொருள் கொஞ்சம், கொஞ்ச நேரம் திசை தவறினாலும் ஊர் போய்ச் சேர முடியாது.

வாத்தியார் ஒத்துக்கொள்ளாத இன்னொரு விஷயம் நேட்டின் நோய்கள். வாலில் இருக்கும் கிடைமட்ட இறக்கையை அசைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தொல்லை கொடுத்தது, ஹைட்ராலிக்ஸ் தொல்லை கொடுத்தது, சண்டை நடுவில் பீரங்கி அடைத்துக்கொண்டது. ஆறு விநாடிக்குத்தான் குண்டு இருக்கிறது, அதிலும் ஒரு பீரங்கி அடைத்துக்கொண்டால் விமானி பாடு என்னவென்று யோசியுங்கள். பின்னால் நாமே இதைத் திருத்தி, இறக்கைக்குள்ளேயே எரிபொருள் நிரப்பும்படி மாற்றி அஜீத் என்று செய்தோம், ஆனால் அது வந்து சேர்ந்தபோது காலம் மிக்-21 பக்கம் போய்விட்டது.

இவ்வளவு குறையோடும் 1971 நவம்பர் 22-ல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் எல்லையோரம் பொய்ராவில் நடந்தது நடந்ததுதான். கொல்கத்தா டம்டமில் இருந்து கிளம்பிய நான்கு நேட், விமானிகள் மாஸே, கணபதி, லாசரஸ், சோரஸ். எதிரே சேபர்கள். சில நிமிடச் சண்டை. இரண்டு சேபர் விழுந்தன, இன்னொன்று அடிபட்டுத் தப்பியது, நம் பக்கம் நான்கும் திரும்பின. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதி ஆனார். அப்போது லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. ஓய்வுக்குப் பிறகு லாசரஸ் குடியேறியது நம் குன்னூரில். அடுத்த மாதமே, டிசம்பர் 14-ல், ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது நேட்டைக் கிளப்பிக்கொண்டு போய் ஆறு சேபர்களை எதிர்த்து உயிரை விட்டவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப்படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அவர் இருந்த 18-ம் ஸ்குவாட்ரன் 2020-ல் கோயம்புத்தூர் சூலூரில், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானத்துக்கு மாறியது.

இதற்கு மேல் வாத்தியாரிடம் வாய் கொடுக்க முடியாது. ஆனாலும் நான் அண்ணாச்சி கட்சி.

ஹன்டர் பார்க்கவே அழகு, அதை நேட் பக்தர்கள்கூட மறுக்க மாட்டார்கள். வடிவமைத்தவர் சிட்னி காம், ஹரிக்கேன் செய்த அதே ஆள், 1951-ல் முதலில் பறந்தது. 1957-ல் இருந்து நம்மிடம் வரத் தொடங்கியது. அழகை விடுங்கள், அண்ணாச்சி மாதிரி ஆட்கள் அதன் மேல் உயிரை வைத்திருப்பதற்குக் காரணம் மூக்குக்குக் கீழே இருக்கிறது. நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கி, அவற்றின் குண்டுப்பெட்டிகள், எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதி. குழல்கள் மட்டும் விமானத்திலேயே இருக்கும். சுட்டு முடித்து விமானம் இறங்கியதும் அந்தத் தொகுதியை அப்படியே கீழே இறக்கிவிட்டு, ஏற்கெனவே குண்டு நிரப்பித் தயாராக இருக்கும் இன்னொன்றை மேலே ஏற்றிப் பூட்டிவிடலாம். ஒவ்வொரு பீரங்கிக்கும் உட்கார்ந்து மாலை கோப்பதுபோல் குண்டு கோத்துக்கொண்டிருக்க வேண்டாம். எரிபொருள் ஊற்றி முடிப்பதற்குள் ஆயுதமும் தயார், விமானம் மறுபடியும் மேலே. போரில் ஒரு விமானம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளம்புகிறது என்பதுதான் கணக்கு, கண்காட்சியில் எப்படித் திரும்புகிறது என்பதல்ல.

எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் ஏவன். அதைக் கிளப்புவது தனிக் கலை. நாம் வாங்கிய வகையில் ஐசோபுரோப்பைல் நைட்ரேட் என்ற திரவத்தை எரித்து, அந்த வாயுவின் வேகத்தில் ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார்கள். தானே எரியக்கூடிய சமாச்சாரம், கவனம் பிசகினால் ஆபத்து. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையால் காட்டுவார்: முதலில் ஒரு வெடிச் சத்தம், பிறகு ஒரு சீற்றம், இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும் ஒரு வாசம், அதற்குப் பின்னால்தான் எஞ்சின் மெல்ல முனக ஆரம்பிக்கும். "அந்த வாசம் இன்னும் மூக்க விட்டுப் போகலவே" என்பார். அதைக் கேட்டால் வாத்தியாரே கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

1971 டிசம்பர் 5 காலை ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், சினிமாவாகவே வந்துவிட்டது. ஆனால் சினிமாவில் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம், ஹன்டரால் இரவில் அந்த வேலையைச் செய்ய முடியாது. ராத்திரி முழுக்கத் தரைப்படை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது, ஜெய்சல்மேரில் ஹன்டர்கள் விடியலுக்காகக் காத்திருந்தன. வெளிச்சம் வந்ததும் ராக்கெட்டும் பீரங்கியுமாக டாங்கிகள் மேல் இறங்கின. பாலைவனத்தில் மறைய இடமில்லை. டாங்கிகள் தப்பிக்க வட்டம் வட்டமாக ஓடிய தடம் மணலில் கோலம் போட்டதுபோல் தெரியும் வான்படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள். எதிரில் போர் விமானம் எதுவும் வராததால்தான் இவ்வளவு சுதந்திரமாக அடிக்க முடிந்தது என்று வாத்தியார் சொல்வார், அதுவும் உண்மைதான். இந்த வேலையை நேட்டை வைத்துச் செய்திருக்க முடியுமா என்றால், முடியாது. இத்தனை ஆயுதம் சுமக்க அதற்குத் தோள் கிடையாது. ஹன்டரோ தேவைப்பட்டால் சேபரோடும் சண்டை பிடிக்கும், டாங்கியையும் அடிக்கும், பிறகு பயிற்சிக்கும் உதவும் என்று 2001 வரை நம்மிடம் உழைத்தது. அதனால்தான் என் ஓட்டு அதற்கு.

மாருத் கதை வேறு மாதிரி, அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் கடையில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிடும். ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தைச் செய்த கர்ட் டாங்கை 1956-ல் வரவழைத்து, பெங்களூருவில் நம் பொறியாளர்களோடு சேர்த்து, போர் விமானம் ஒன்றை முதலில் இருந்து நாமே வடிவமைக்கிறோம் என்று இறங்கினோம். சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம்கூட ஆகாத நாடு. முழு அளவில் மரத்தால், எஞ்சின் இல்லாத ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்து மேலே கொண்டுபோய் விட்டு, வடிவம் சரியாகப் பறக்கிறதா என்று 1959-ல் பார்த்தார்கள். 1961 ஜூன் 17-ல் உண்மையான மாருத் பறந்தது.

உடல் ஒலியின் வேகத்தை நன்றாகத் தாண்டுவதற்கென்று செய்த உடல். எஞ்சின் மட்டும் கிடைக்கவில்லை. பிரிஸ்டல் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை நம்பித்தான் வடிவமைத்தார்கள். அது வேண்டாம் என்று ஐரோப்பாவில் முடிவானதும், செலவில் பங்கு போட்டால் முடித்துத் தருகிறோம் என்றார்கள், நாம் போடவில்லை. கடைசியில் நேட்டில் இருந்த அதே குடும்பத்துச் சின்ன ஆர்ஃபியஸ் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டோம். எகிப்துக்காரர்கள் செய்துகொண்டிருந்த எஞ்சினைக்கூட ஒரு மாருத்தில் பொருத்திப் பார்த்தார்கள், அதுவும் கைகூடவில்லை. கூடுதல் உந்துவிசை கொடுக்கும் முயற்சியில் 1970 ஜனவரியில் பெங்களூருவில் நடந்த விபத்தில் சோதனை விமானி குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் இறந்தார். பெங்களூருவில் சுரஞ்சன் தாஸ் சாலை என்று பஸ் போர்டில் பார்த்திருப்பீர்களே, அவர் பெயர்தான்.

ஆக, நீங்கள் கேட்ட மூன்று விமானத்துக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், மணிக்கு 1,100 கி.மீ. சுற்று. நேட்டுக்கும் ஹன்டருக்கும் அது பெருமை, மாருத்துக்கு அது குறை. ஆனாலும் 1971-ல் தரைத் தாக்குதலுக்குப் போன மாருத்களில் ஒன்றுகூட வான்சண்டையில் விழவில்லை, தரையில் இருந்து சுட்டதில்தான் சில போயின. டிசம்பர் 7-ல் ஸ்குவாட்ரன் லீடர் பக்‌ஷி மாருத்தில் இருந்தே ஒரு சேபரை வீழ்த்தினார். ஒரு எஞ்சின் அடிபட்டும் இன்னொன்றை வைத்து வீடு வந்து சேர்ந்ததும் உண்டு. மொத்தம் 147 செய்தோம், அதோடு கடையை மூடினோம். எஞ்சினுக்கு அன்றைக்குக் காசு போடாத கணக்கை நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம், தேஜஸுக்கு எஞ்சின் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், புரியும்.

தரையில் யார் கையில் இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அதற்கு இந்த மூன்றையும் விட நல்ல சாட்சி லிபரேட்டர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், பிரிட்டனுக்கு அமெரிக்கா கடனாகக் கொடுத்திருந்த அந்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை, யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கான்பூரில் வேண்டுமென்றே சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எஞ்சினுக்குள் மணல் போட்டார்கள், இயந்திரத்தை விட்டு இடித்தார்கள். 1948 வாக்கில் ஹெச்.ஏ.எல். ஆட்கள் அங்கே போய், ஒன்றில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கும் அளவுக்குத் தேற்றி, பெங்களூருவுக்குப் பறக்கவிட்டே கொண்டுவந்தார்கள். இப்படி நாற்பதுக்கு மேல். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது நம் விமானப்படையில் 1968 வரை பறந்தது. இன்று உலகத்தில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் லிபரேட்டர்களில் பல நம்மிடம் இருந்து போனவைதான், லண்டன் மியூசியத்தில் நிற்பது உட்பட. எது கெட்டி என்று கேட்கும்போது அண்ணாச்சி மாதிரி ஃபிட்டர்கள் கணக்கில் வராமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எங்கே பார்க்கலாம். முதலில் பெங்களூரு. நாகர்கோவிலில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கலாம், பழைய விமான நிலையச் சாலையில் ஹெச்.ஏ.எல். மியூசியம். மாருத், அஜீத், ஹெச்.டி.-2 பயிற்சி விமானம் எல்லாம் மரத்தடியில் நிற்கும், சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கலாம். மாருத்தின் பின்புறம் போய் நின்று, அவ்வளவு நீண்ட உடலுக்கு அந்த இரண்டு எஞ்சின் வாய் எவ்வளவு சின்னது என்று பாருங்கள், நான் மேலே எழுதியது கண்ணிலேயே தெரிந்துவிடும். அடுத்து கோவா, வாஸ்கோவில் கடற்படை விமான மியூசியம். கொங்கண் வழியாகப் போகும் ரயில் நாகர்கோவிலில் இருந்தே உண்டு, மட்காவ் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். 1971-ல் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடித்த சீ ஹாக், அதோடு அலீஸே, சூப்பர் கான்ஸ்டலேஷன் எல்லாம் அங்கே. டெல்லி போகும் யோகம் வந்தால் பாலம் மியூசியத்தை விடக்கூடாது. 1932-ல் தொடங்கிய விமானப்படையின் முதல் அணி 1933-ல் ஓட்டிய வாப்பிட்டி வகையில் தொடங்கி லைசாண்டர், நேட், ஹன்டர், ஸ்பிட்ஃபயர் என்று வரிசையாக இருக்கிறது. பெட்டரின் லைசாண்டரையும் நேட்டையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம், அந்த ஒரு காரணத்துக்கே போகலாம். பறக்கும் விமானம் பார்த்தால் போதும் என்றால் திருவனந்தபுரம் சங்குமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அங்கே இறங்குவது பெரும்பாலும் வளைகுடாவில் இருந்து ஆட்களைக் கொண்டுவரும் பயணிகள் விமானம்தான்.

மூன்றாவது கேள்வி, கன்னியாகுமரி கடற்கரை. ஆசை நல்ல ஆசை. விமானப்படை ஓய்வு கொடுத்த விமானங்களைக் கல்லூரிகளும் அரசு அமைப்புகளும் கேட்டு வாங்கி நிறுத்தியிருக்கின்றன, அது நடக்காத காரியமில்லை. ஆனால் கடற்கரையில் வேண்டாம். நம் ஊரில் கடலோர வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். விமானத்தின் தோல் அலுமினியக் கலவை, அதன் மேல் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் போர்த்தியிருப்பார்கள், அந்தப் போர்வை இருக்கும்வரை பரவாயில்லை. பெயின்ட் உரிந்து, கீறல் விழுந்து, உப்புக்காற்று உள்ளே போனால் முதலில் ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். விரலால் தடவினால் மாவு மாதிரி வரும். அப்புறம் தகடு ஓரங்களில் ஏடு ஏடாகப் பிரியும். அலுமினியத்தில் எஃகு போல்ட் மாட்டியிருக்கும் இடமெல்லாம் இன்னும் மோசம், உப்புத் தண்ணீர் பட்டதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அரிப்பு வேகம் எடுக்கும். சக்கர வார்ப்பு போன்ற மெக்னீசியக் கலவைப் பாகங்கள் இருந்தால் அவைதான் முதலில் போகும்.

விசாகப்பட்டினத்தில் கடற்கரையிலேயே கடற்படையின் டி.யு.-142 கண்காணிப்பு விமானம் நிற்கிறதே என்று கேட்பீர்கள். நிற்கிறது, அரக்கோணத்தில் இருந்து போன விமானம்தான் அது, உள்ளே ஏறியும் பார்க்கலாம். ஆனால் அங்கே கடற்படை இருக்கிறது, டிக்கெட் வருமானம் இருக்கிறது, கவனிக்க ஆள் இருக்கிறது. நம்மால் முடியுமென்றால் சரி: அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், வயிற்றுப் பக்கம் இருக்கும் வடிகால் ஓட்டைகள் அடைக்காமல் பார்க்க வேண்டும், மழைநீர் உள்ளே நின்றால் வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். காற்று வேகம் அளக்கும் மூக்குக் குழாயில் குளவி கூடு கட்டும், எஞ்சின் வாயில் மைனா குடியிருக்கும், இரண்டையும் வலை போட்டு மூட வேண்டும். டயரில் பாரம் நிற்காமல் ஸ்டாண்டு போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டும். எஞ்சினை எடுத்துவிட்ட நேட் மாதிரி சின்ன விமானத்தை நம் ஆடிக் காற்று சும்மா விடாது, முப்பந்தலில் காற்றாடி சுற்றும் ஊர் இது, தரையோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். இவ்வளவுக்கும் பதிலாக உள்ளே தள்ளி நாகர்கோவிலிலோ தக்கலைப் பக்கமோ ஒரு கூரைக்குக் கீழே நிறுத்தினால் பாதித் தொல்லை குறையும். திறப்பு விழாவுக்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பார்கள், ஐந்தாவது வருஷம் பெயின்ட் அடிக்கக் கிடைக்கமாட்டார்கள். முதலில் அதற்கு ஒரு வழி செய்துவிட்டு மனுப் போடுங்கள்.

கடைசியாக, கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள், பழைய விமான மீட்டர்களை வாங்கிச் சேர்க்கலாமா, நேட் மாடல் கிட் எது வாங்கலாம் என்று. பழைய மீட்டர் வாங்கினால் கண்ணாடியைத் திறக்காதீர்கள். 1950கள் வரைக்கும் இருட்டில் ஒளிரும் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் பெயின்ட் அடிப்பது சாதாரணம், இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு இருக்கும், தூள் மூச்சில் போனால் கெடுதல். கிட் விஷயத்தில் பெட்டிப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏர்ஃபிக்ஸின் நேட் இரண்டு இருக்கை வைத்த பிரிட்டிஷ் பயிற்சி விமானம், மூக்கு, இறக்கை, வால் எல்லாமே நம்முடையதோடு ஒத்துப்போகாது. அதற்கு நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தை ஒட்டி டீக்கடைக்குக் கொண்டுவந்தீர்கள் என்றால் வாத்தியார் ஒன்றும் சொல்லமாட்டார், அண்ணாச்சி விடமாட்டார். ஒற்றை இருக்கை நேட் கிட் வேறு கம்பெனிகள் போட்டிருக்கின்றன, கொஞ்சம் தேட வேண்டும், விலையும் கூடுதல். வாங்கினால் ஒரு நாள் வடசேரிப் பக்கம் எடுத்து வாருங்கள்.